நான்கு கோடி இலக்கமும் நாற்பது பக்கக் கொப்பியும்

உடுப்பிட்டிச் சந்திக்கு அணித்தாயுள்ள எங்கள் வாசிகசாலையில் பத்திரிகை வாசிப்போர் தொகை குறைந்துவிட்டதாயினும் வாதிப்போர் தொகை குறையவில்லை. 2024 ஒக்டோபர் 21ஆந் தேதி அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் அறிவிப்பு, சில நாட்களின் பின் ஒரு பத்திரிகையின் உட்பக்க மூலையில் சிறு செய்தியாக இங்கே வந்து சேர்ந்தது. அதுவரை மனிதர் அறிந்தவற்றுள் மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதே அச்செய்தி. இரண்டை 13 கோடியே 62 இலட்சத்து 79 ஆயிரத்து 841 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையிலிருந்து ஒன்றைக் கழித்தால் அவ்வெண் கிடைக்கும். அதனை விரித்தெழுதினால் 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் வரும்.

செய்தியை உரத்து வாசித்த இளைஞனை இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் இடைமறித்தார். “தம்பி, உதாலை ஆருக்கு என்ன பிரயோசனம்?” என்று கேட்டார். அங்கிருந்தோருள் கணிதம் படிப்பிப்பவன் நான் ஒருவனே ஆகையால், எல்லோருடைய பார்வையும் என் மேல் விழுந்தது. வங்கிக் கணக்குகளைக் காக்கும் இரகசியக் குறிமுறைக்குப் பகா எண்கள் உதவுகின்றன என்று சொல்லி நான் தப்பிக்கொண்டேன். உலகத்துப் பத்திரிகைகள் பலவும் அவ்வாறே எழுதின. பகா எண்களைப் பொதுவாக நோக்கினால் அது உண்மை. இந்தக் குறிப்பிட்ட எண்ணைப் பொறுத்தவரையில் அது தவறு. அன்று இரவு வீடு திரும்பிய பின்னர்தான் அத்தவறு என்னை உறுத்தத் தொடங்கிற்று. இக்கட்டுரை அந்தப் பெரியவருக்கு நான் தரவேண்டியிருந்த விடை.

தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணையே எங்கள் பாடநூல்கள் முதன்மை எண் என்கின்றன. தமிழகத்தார் பகா எண் என்பர். சொல்லிலேயே பொருள் தெரிவதால் பின்னதையே நான் விரும்புகிறேன். 2, 3, 5, 7, 11 என்று இவ்வரிசை தொடங்குகிறது. அது முடிவற்றது என்பதை யூக்கிளிட் ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவிவிட்டார். ஆகவே “மிகப் பெரிய பகா எண்” என்று ஒன்று இல்லை. அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியது என்பதே உண்டு.

வங்கிக் குறிமுறைக்கு வருவோம். றிவெஸ்ட், ஷமிர், அடில்மன் என்னும் மூவர் 1977இல் வகுத்த முறையில் இரண்டு பகா எண்களைப் பெருக்கி வரும் பெருக்கம் வெளியே அறிவிக்கப்படுகிறது. அவ்விரு எண்களும் மறைத்து வைக்கப்படுகின்றன. பெருக்கத்தைக் கண்டவர் காரணிகளைக் காண மாட்டார் என்பதே அதன் காவல். அதற்கு வேண்டிய பகா எண்களுக்கு முந்நூறுக்குச் சற்று மேற்பட்ட இலக்கங்கள் இருந்தால் இன்றைய வழக்கிற்குப் போதும். அத்தகைய எண்களைச் சாதாரணக் கணினி நொடிப்பொழுதில் தேடிக்கொள்ளும். மேலும், மறைத்து வைப்பதற்கென்று ஓர் எண்ணைத் தேடுபவன் உலகமறிந்த எண்ணை எடுத்துக்கொள்வானா? ஊரார் எல்லோரிடமும் திறப்பு இருக்கும் பூட்டை வாங்கிக் கதவிற் போடுவது போன்றது அது. தவிரவும், குவாண்டம் கணினி ஒன்று போதிய வலிமையோடு வந்துவிட்டால் இம்முறை உடையும் என்பதை 1994இல் பீற்றர் ஷோர் காட்டிவிட்டார். அதற்கு முற்காப்பாக, பெரிய எண்களின் காரணிகளைத் தேடும் கடினத்தை நம்பாத புதிய குறிமுறைகளுக்கான நியமங்களை அமெரிக்கா 2024 ஓகஸ்டிலே வெளியிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வங்கிகளுக்கு வேலை செய்த பகா எண்கள் அவ்வேலையிலிருந்து இளைப்பாறும் காலம் வரலாம். ஆகவே அந்த விடையை விட்டுவிடுவோம்.

அப்படியாயின் இவ்வெண்ணிற் பெருமைப்பட என்ன இருக்கிறது? அதன் பருமன் என்று பலர் நினைக்கின்றனர். வினாடிக்கு ஓர் இலக்கமாக, உண்ணாமல் உறங்காமல் வாசித்தால் முடிக்க 474 நாட்களுக்கு மேல் ஆகும். கேட்க வியப்பாகத்தான் இருக்கிறது. எனினும் பருமனில் மட்டும் என்ன உண்டு? இதனோடு ஒன்றைக் கூட்டினால் இதனினும் பெரிய எண் கிடைக்கிறது. அதனை யாரும் செய்தியாக்குவதில்லை. பெரிய எண்ணை எழுதுவது எவர்க்கும் இயலும். அது பகா எண் என்று ஐயமற அறிவதே அரிது. எவரும் ஒருபோதும் முழுமையாக வாசிக்கப்போவதில்லையாகிய ஓர் எண்ணைப் பற்றி மறுக்கவியலாத உறுதியோடு ஓர் உண்மையை எப்படிச் சொல்ல முடிகிறது? என் மதிப்பில் செய்தி அதுவே.

முதலில், வாசகர் தாமே சரிபார்க்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்னும் கடைசி இலக்கங்களில் முடிந்து முடிந்து திரும்ப வருவன. 136279841ஐ நான்கால் வகுத்தால் மீதி ஒன்று. எனவே அந்த அடுக்கு 2இல் முடியும். ஒன்றைக் கழிக்க, நமது எண் 1இல் முடியும். ஆகவே அது ஐந்தால் வகுபடாது. இவ்வகைக் கணக்காலேயே அதனை 3ஆல் வகுத்தால் மீதி 1, 7ஆல் வகுத்தால் மீதி 3, 11ஆல் வகுத்தால் மீதி 1, 13ஆல் வகுத்தால் மீதி 5 என்று காணலாம். நான்கு கோடி இலக்கங்களுள் ஒன்றையேனும் எழுதாமல் இவற்றையெல்லாம் அறிந்துகொண்டோம். இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். இத்தகைய எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருக்குமாயின், அது அடுக்கின் இருமடங்கால் வகுக்கும்போது மீதி ஒன்று தருவதாக இருந்தே தீரவேண்டும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பேர்மா கண்ட உண்மை. அதாவது 27 கோடியே 25 இலட்சத்து 59 ஆயிரத்து 683க்குக் கீழே எதையும் தேடிப் பயனில்லை. எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும் என்று வேறொரு விதியும் உண்டு. அந்த எண்ணோ மீதி 3 தருகிறது. ஆகவே அதுவும் விலகிற்று.

ஆனால் இப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனால் பிரபஞ்சத்தின் ஆயுளும் போதாது. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கென்றே தனியாக ஒரு சோதனை இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான லூக்கஸ் 1870களில் அதனைக் கண்டார். அமெரிக்கரான லேமர் 1930இல் அதனைச் செம்மைப்படுத்தினார். அதன் எளிமையை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நான்கிலிருந்து தொடங்குக. வர்க்கித்து இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்க. அந்த மீதியையும் அவ்வாறே வர்க்கித்து, இரண்டைக் கழித்து, வகுத்து மீதி காண்க. அடுக்கிலும் இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்தபின் மீதி பூச்சியமாயின் அது பகா எண். பூச்சியமல்லவாயின் அது பகா எண் அன்று. இரண்டின் ஏழாம் அடுக்கில் ஒன்று குறைந்தது 127. ஐந்து தடவை செய்க: 14, பின்பு 67, 42, 111, முடிவில் 0. 127 பகா எண். இத்தனைதான்.

இச்சோதனையை நான் முதன்முதல் செய்தது போத்தல் விளக்கின் வெளிச்சத்தில். 1990இல் குடாநாட்டிலே தடைப்பட்ட மின்சாரம் ஆண்டுக்கணக்கில் மீளவில்லை. மண்ணெண்ணெய் விலையோ வானை எட்டியிருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சிறிதளவு எண்ணெய் ஊற்றி எரித்த அவ்விளக்கைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து படிப்போம். வானொலிச் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுற்றுவோம். எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியர், பழைய பரீட்சைத் தாள்களின் வெறும் புறத்தில் 2047 என்று எழுதித் தந்து, “இது பகா எண்ணோ, பாருங்கோ” என்றார். அது இரண்டின் பதினோராம் அடுக்கில் ஒன்று குறைந்தது. 2, 3, 5, 7 என்னும் அடுக்குகள் எல்லாம் பகா எண்களையே தந்தமையால், பகா எண்ணாகிய 11உம் அவ்வாறே தரும் என்று நாங்கள் அடித்துச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, மேற்சொன்ன விதியைச் சொல்லி, ஒன்பது வரி எழுதச் சொன்னார். 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூச்சியம் வரவில்லை. கணக்குப் பிழைத்துவிட்டது என்று மறுபடி செய்தோம். மறுபடியும் 1736 வந்தது. அதன் பின்னரே அவர் 23ஐயும் 89ஐயும் பெருக்கிக் காட்டினார்.

காரணிகள் எவை என்று அறியாமலே காரணிகள் உண்டு என்று நிச்சயமாக அறியலாம் என்பது அன்று இரவு என் மனத்தில் பதிந்தது. பிற்காலத்தில் கோல் என்பவரின் கதையைப் படித்தபோது அதனை உடனே இனங்கண்டுகொண்டேன். இரண்டின் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணைப் பகா எண் என்று மேர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1644இல் தமது பட்டியலிற் சேர்த்திருந்தார். இவ்வகை எண்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அவர் கூற்றுத் தவறு என்பதை லூக்கஸ் 1876இல் காட்டினார். ஆனால் காரணிகளைக் காட்டவில்லை. 1903இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டமொன்றில் கோல் எழுந்து, கரும்பலகையில் ஒருபுறம் அவ்வெண்ணைக் கணித்து எழுதினார். மறுபுறம் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். இரண்டும் ஒன்றாக வந்தன. ஒரு சொல்லும் பேசாமல் தம் இடத்திற் போய் இருந்தார் என்பர். நமது மேடைப் பேச்சாளர் சிலர் இவரிடம் பயிற்சி பெற்றிருக்கலாம்.

இனி 2024இன் செய்திக்குத் திரும்புவோம். லூக்கஸ் 1876இல் கையாற் கண்ட 39 இலக்கப் பகா எண் 75 ஆண்டுகள் முதலிடத்திலிருந்தது. 1952இல் மின்கணினி ஒன்று ஒரே ஆண்டில் இவ்வகை எண்கள் ஐந்தைக் கண்டது. 1996இல் ஜோர்ஜ் வோல்ட்மன் என்பவர் தொடக்கிய கூட்டுத் தேடல் முயற்சி, உலகெங்குமுள்ள சாதாரண மக்களின் வீட்டுக் கணினிகள் சும்மா இருக்கும் வேளையில் இந்தச் சோதனையைச் செய்யும்படி ஒழுங்குபடுத்திற்று. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற அம்முயற்சியிற் பல எண்கள் கிடைத்தன. 2018 திசெம்பரிற் கிடைத்ததற்கு 2 கோடியே 48 இலட்சத்து 62 ஆயிரத்து 48 இலக்கங்கள். பின்னர் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த மௌனத்தைக் கலைத்தவர் லூக் டுராண்ட் என்னும் 36 வயதினர். என்விடியா நிறுவனத்தில் முன்பு பணியாற்றியவர். கணினி விளையாட்டுகளின் படங்களை விரைந்து தீட்டுவதற்கென ஆக்கப்பட்டு, இன்று செயற்கை அறிவுக்கு உழைக்கும் செயலிகளை ஆயிரக்கணக்கில், 17 நாடுகளிலே, வாடகைக்கு அமர்த்தித் தேடினார். அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்த செயலி ஒன்று ஒக்டோபர் 11ஆந் தேதி “இது பகா எண்ணாக இருக்கக்கூடும்” என்றது. மறுநாள் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோவிலிருந்த வேறொன்று, எங்கள் போத்தல் விளக்கின் விதியையே 136279839 தடவை செய்து, பூச்சியத்தைக் கண்டது. வேறு கணினிகளில் வேறு கட்டளைத் தொடர்களால் மறுபடி சரிபார்த்த பின்னரே உலகுக்கு அறிவித்தனர்.

ஈண்டு ஒரு கவலை எழுகின்றது. 28 ஆண்டுகளாக வீட்டுக் கணினிகளாற் காணப்பட்ட இவ்வெண்கள் இப்பொழுது பணமுடையோர் கைக்குப் போய்விட்டன. 2022 மார்ச்சு முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டிலிருந்து கொண்டு இந்தப் பந்தயத்தைப் பார்க்கும் மாணவன் ஒருவன், கணிதமும் எட்டாக்கனி ஆயிற்றென்று எண்ணுதல் இயல்பே. தேடுதலைப் பொறுத்தவரை அவன் எண்ணுவதிற் பிழையில்லை. ஆனால் தேடுதல் வேறு, அறிதல் வேறு. டெக்சாசிலே சுழன்ற அந்த விதி ஏன் உண்மையாகிறது என்பதற்கான நிறுவல், ஒரு நாற்பது பக்கக் கொப்பியின் சில பக்கங்களுள் அடங்கும். செயலி எத்தனை விரைவானதாயினும் அந்த நிறுவல் இல்லையேல் அது கண்ட பூச்சியத்துக்கு ஒரு பொருளும் இல்லை. அவர்கள் வாடகைக்கு எடுத்தவற்றுள் அந்த நிறுவல் சேரவில்லை; அதற்கு வாடகையே இல்லை.

மேலும், இயந்திரமும் பிழைவிடும். 1994இல் நைஸ்லி என்னும் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களைப் பற்றிக் கணித்துக்கொண்டிருக்கையில் விடை இடறியதைக் கண்டு துருவிப் பார்த்தபோது, உலகெங்கும் விற்பனையாகிக் கொண்டிருந்த பென்ரியம் செயலியின் வகுத்தற் கணக்கே தவறு என்பது வெளிப்பட்டது. 2016இல் இதே பகா எண் தேடலின் கட்டளைத் தொடரால் இன்னொரு புதிய செயலியின் குறை தெரியவந்தது. தபாலதிபர் கேட்ட “பிரயோசனம்” வேண்டுமாயின், இதனை வைத்துக்கொள்ளலாம்: விடையில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும் வேலையைப் போல் இயந்திரத்தைச் சோதிக்கும் உரைகல் வேறில்லை. ஆயினும் இதற்காக யாரும் பகா எண்ணைத் தேடத் தொடங்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

பெரிய இயந்திரமில்லாத இடத்திலிருந்து பகா எண்களைப் பற்றிய பெரிய செய்தி வந்ததும் உண்டு. 2002 ஓகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து மணீந்திர அகர்வாலும், அப்பொழுதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்னும் இரு மாணவரும், எந்த எண்ணாயினும் அது பகா எண்ணா என்பதை, இலக்கங்கள் பெருகினாலும் வேலை கட்டுமீறிப் பெருகாத ஒரு வழியில், ஐயத்துக்கிடமின்றிச் சொல்லலாம் என்று நிறுவினர். உலகத்துக் கணித வல்லார் பல்லாண்டு தேடிய வழி அது. சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரையைப் படித்தோர் அதன் எளிமையைக் கண்டு திகைத்தனர். நடைமுறையில் அது மெதுவானது. டுராண்டின் எண்ணுக்கு அதனை யாரும் பயன்படுத்தமாட்டார்கள். ஆனால் இரண்டு செய்திகளுள் எது பெரிதென்று என்னைக் கேட்டால் நான் தயங்காமல் கான்பூரையே சொல்வேன். தமிழரிடையேயும் முன்னோடி உண்டு. குற்றாலத்தை அடுத்த வல்லத்திற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எண் கோட்பாட்டின் கடினமான வினாவொன்றுக்குப் பெரும்பகுதி விடைகண்ட சு. சி. பிள்ளையின் பெயரால் ஒருவகைப் பகா எண்கள் வழங்குகின்றன. 1950 ஓகஸ்டில், அமெரிக்காவிற் கூடவிருந்த கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் அவர் மாண்டார்.

வாசிகசாலைக்கு அப்பாலும் செய்தியில் நமக்கு ஒரு பொருள் இருக்கிறது. இக்கண்டுபிடிப்புக்குக் கிடைத்த 3000 டொலர் பரிசை டுராண்ட் தாம் படித்த அலபாமா மாநிலப் பள்ளியின் கணிதப் பகுதிக்கு அளிக்கப்போவதாகச் சொன்னார். நமது வடமராட்சிப் பள்ளிகளுக்கும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் அள்ளிக் கொடுக்கின்றனர். அப்பணம் எங்கே போகின்றதென்று பார்த்தால், பெரும்பாலும் நுழைவாயில் வளைவாகவும், பெயர் பொறித்த கல்லாகவும், விளையாட்டு மைதானத்துப் பார்வையாளர் மண்டபமாகவும் எழுந்து நிற்கின்றது. கட்டடம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகும் வகுப்பறையில் யார்தான் படிப்பர்? ஆயினும் அமெரிக்க மிஷனார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மண்ணிற் பள்ளி தொடங்கியபோது, வட்டுக்கோட்டையில் வானியலும் கணிதமும் கற்பித்தனர். அந்தக் காலத்திலேயே கறல் விசுவநாதபிள்ளை வீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். அந்த மரபின் வழிவந்த ஊரிலே பகா எண்ணைக் கீழ்வகுப்பில் ஒரு வரைவிலக்கணமாக மனனஞ் செய்துவிட்டு, அத்தோடு கைகழுவி விடுகிறோம். உயர்தரத்து இணைந்த கணிதத்தில் எண் கோட்பாட்டுக்குத் தனியிடமில்லை. புள்ளி தராத எதையும் தொட நேரமில்லை என்பது தனியார் வகுப்புகளின் சட்டம். அச்சட்டத்துக்கு நானும் பல ஆண்டு அடங்கி நடந்தவனே.

அண்மையில் ஒரு சனிக்கிழமை வாசிகசாலையின் பின்னறையில், பாடத்திட்டத்தில் இல்லாததைச் சொல்லித் தருகிறேன் என்று அறிவித்தேன். ஏழு பேர் வந்தனர். நான் 2047ஐ எழுதினேன். எங்கள் காலத்திற் போலவே அதனைப் பகா எண் என்று அடித்துச் சொன்னார்கள்; ஒன்பது வரி எழுதினார்கள்; 1736ஐக் கண்டு முகஞ் சுளித்தார்கள். ஒருவன் கைபேசியில் விடையைத் தேடப் போனான். மற்றவர்கள் அவனைத் தடுத்துவிட்டனர். தபாலதிபர் வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

“சேர், அப்ப பதின்மூண்டுக்கு?” என்றாள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. செய்து பார் என்றேன். 8191ஐக் கொப்பியின் தலையில் எழுதி, கீழே 14, 194, 4870, 3953 என்று இறங்கிக்கொண்டு போனாள். இடையில் ஓரிடத்தில் வெறும் 36 வந்தது. பிழைத்துவிட்டதோ என்று என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்தாவது வரியில் 128 வந்தது. அதனை வர்க்கித்து இரண்டைக் கழித்தாள். 16382. மற்ற ஆறு பேரும் எழுந்து வந்து அவளைச் சூழ்ந்துகொள்ள, அவள் 8191ஆல் வகுக்கத் தொடங்கினாள்.